தோற்கிற அணிக்கு ஒரு நோட்டு

(திருப்பூர் ராயபுரத்தில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘விளையாட்டு ரசனை மனிதனை வளர்க்கிறதா? பொழுதைக் கெடுக்கிறதா?’ ‘வளர்க்கிறது’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி என்னை ஒரு வழி பண்ணிவிட்டுப் போன எதிரணி நண்பர்களே! பெரியோர்களே! தாய்மார்களே! சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற பனியன் கம்பெனித் தோழர்களே! (சிரிப்பு) 

எதிரணித் தலைவி அம்மா ஒரு கதை சொன்னாங்க. 2022 டிசம்பர் மாசம். பையனுக்கு அரையாண்டுப் பரீட்சை. ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு அவன் அறையில விளக்கு எரியுது. அட, பிள்ளை படிக்கிறானேன்னு பெத்தவ மனசு குளிர்ந்துபோய், காபி போட்டு எடுத்துக்கிட்டுப் போறாங்க. போய்ப் பார்த்தா, கத்தார் நாட்டில் உலகக் கோப்பை நடக்குது. பையன் அதைப் பார்த்துக்கிட்டிருக்கான். அம்மா கையில இருந்து காபியை வாங்கிக்கிட்டு, ‘சத்தம் போடாதேம்மா, பெனால்ட்டி’ங்கிறான்! (பலத்த சிரிப்பு)

அம்மா, உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தக் காபியைக் குடிச்சது அவன்தான். போட்டுக் கொடுத்தது நீங்கதான். (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து வந்த நண்பர் இன்னும் கடுமையாகப் பேசினார். ‘இந்திய அணி உலகக் கோப்பைக்குள்ளேயே இல்லை. கல்யாணமே இல்லாத வீட்டுக்கு முன்னால பந்திக்கு இலை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, உங்களுக்கு வெட்கமா இல்லையா?’ என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் இன்றைக்குப் பதில் சொல்ல வந்திருப்பதே அந்த ஒரு கேள்விக்குத்தான்.

அதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வெறி என்று ஒன்று இருக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை. கொலம்பியா நாட்டு ஆட்டக்காரர் ஆந்த்ரெஸ் எஸ்கோபார். பந்தைத் தடுக்கப் போய், கை தவறிப் பாத்திரம் விழுகிற மாதிரி, கால் தவறித் தன் சொந்த கோலுக்குள்ளேயே அடித்துவிட்டார். ஊர் திரும்பினார். ஜூலை 2-ஆம் தேதி மெடலின் நகரத்தில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஒரு கோலுக்கு ஓர் உயிர்! இதை நியாயப்படுத்த நான் வரவில்லை. வெறிக்கு வக்காலத்து வாங்க இந்த அணியில் யாரும் இல்லை. நாங்கள் பேசுவது ரசனையைப் பற்றி. வெறியனுக்கு ஜெயிச்சியா, தோத்தியா என்பது மட்டும்தான் கணக்கு. ரசிகன் அதற்கு மேலே ஒரு கேள்வி கேட்பான். அது என்ன கேள்வி? அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. இதே ராயபுரத்து சந்தில் குடியிருக்கிற ஒரு பையன்.

என் தங்கை வீடு இங்கேதான். ஒரு நாள் சாயங்காலம் கரண்டு போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன், இருபத்து மூணு, இருபத்து நாலு வயசு இருக்கும். ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல வேலை. ஒன்பதாம் வகுப்போட படிப்பை நிறுத்தினவன். செல்போன் வெளிச்சத்துல ஏதோ எழுதிக்கிட்டிருக்கான். நான் வாத்தியார் இல்லையா? எவன் எழுதினாலும் எட்டிப் பார்க்கிற புத்தி போகாது. (சிரிப்பு)

‘என்ன தம்பி, வரவு செலவா?’ன்னு கேட்டேன்.

‘இல்லீங்க சார், இந்தியா டீமுங்க’ன்னான்.

கையில் வாங்கிப் பார்த்தேன். கம்பெனியில் வீணாய்ப்போன பேக்கிங் லிஸ்ட் தாள்கள். அவற்றின் பின்பக்கத்தை அடுக்கி, சணல் போட்டுத் தைத்த ஒரு நோட்டு. இந்தியக் கால்பந்து அணி ஆடின ஆட்டங்கள், அவனுக்குக் கிடைச்ச வரைக்கும். தேதி, எந்த நாட்டோடு ஆடினோம், யார் கோல் போட்டது, கணக்கு என்ன. கடைசியா ஒரு கட்டம். அதன் தலைப்பு: ‘ஏன் தோத்தோம்?’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘ஏப்பா, ஜெயிக்கிற டீமுக்கு நோட்டுப் போட்டாலும் பரவாயில்லை. தோக்கிற டீமுக்கு எதுக்குப்பா நோட்டு?’ன்னு கேட்டேன்.

அவன் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. ‘சார், செக்கிங்ல நாங்க நல்ல பீஸை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கிறதில்லீங்க. தப்பு இருக்கிற பீஸைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். ஓட்டையா, ஆயில் கறையா, தையல் விட்டிருக்கான்னு பார்த்து, அந்த இடத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவோம். பீஸைத் திட்டறதில்லீங்க சார். தப்பு எங்கேன்னு காட்டறோம். அவ்வளவுதானுங்க.’ (பலத்த கைதட்டல்)

கைதட்டுங்க! நல்லா தட்டுங்க! இது எனக்கு இல்லை. உங்க செக்கிங் டேபிளுக்கு.

அன்றைக்கு அந்த இருட்டில் எனக்கு ஒரு சோதனை நடந்தது. நான் முப்பது வருஷமா மேடையில் பேசுகிறவன். ‘1950-ல் பிரேசில் நாட்டில் உலகக் கோப்பை. இந்தியா போக வேண்டியது. காலில் பூட்ஸ் இல்லை, வெறுங்காலோடு ஆடுவார்கள் என்பதற்காக நம்மைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள்’ என்று கண் கலங்கப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அவனிடமும் அதையே எடுத்து விட்டேன். பையன் தலையைச் சொறிந்தான். ‘சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அது முழுசா நிஜமில்லீங்க’ என்றான்.

நோட்டைப் புரட்டினான். 1948 லண்டன் ஒலிம்பிக். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஃபிரான்சை எதிர்த்து ஆடினார்கள். நமக்கு ஒரு கோல் அடித்தவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர் ஆட்டக்காரர். இரண்டு பெனால்ட்டி கிடைத்தும் கோட்டைவிட்டோம். கடைசி நேரத்தில் 2-1 என்று தோற்றோம். சரி. அடுத்து 1950. ஆசியாவில் நம்மோடு தகுதிச் சுற்றில் இருந்த நாடுகள் விலகிக்கொண்டன. இடம் நம் மடியில் வந்து விழுந்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் நம் பெயரும் இருந்தது. பயணச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கள் ஏற்கிறோம் என்றுகூட பிரேசில்காரர்கள் சொன்னார்கள். போகவில்லை. பயிற்சிக்கு நேரம் போதாது, ஆட்டக்காரர் தேர்வில் சிக்கல் என்று நம் சங்கமே காரணம் சொன்னது. அன்றைக்கு நமக்கு ஒலிம்பிக்தான் பெரிது. உலகக் கோப்பையின் மதிப்பு தெரியவில்லை. போயிருந்தால் தலைமை தாங்கியிருக்க வேண்டிய சைலேன் மன்னாவே பின்னாளில் அந்தச் செருப்புக் கதையை மறுத்தார்.

பையன் கடைசியாக ஒரு கேள்வி கேட்டான் பாருங்க. ‘சார், 1950-ல வெறுங்காலுக்கு நம்மளை விலக்கினாங்கன்னா, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல எப்படிங்க வெறுங்காலோட ஆடினோம்? யூகோஸ்லாவியாகிட்ட 10-1-னு தோத்துட்டு வந்தப்புறம்தானுங்களே பூட்ஸ் கட்டாயம்னு நம்ம சங்கமே சொல்லுச்சு?’

நான் வாயை மூடிக்கொண்டேன். முனைவர் பட்டம் வாங்கின வாய்! (சிரிப்பு)

யோசித்துப் பாருங்கள். ‘அவன் நம்மைச் சேர்க்கவில்லை’ என்ற கதை ஏன் இத்தனை வருஷம் நமக்கு இனித்தது? அதில் நமக்குப் பொறுப்பு இல்லை! கதவைச் சாத்தினவன் வேறொருவன். உண்மை என்ன? கதவு திறந்துதான் இருந்தது. நாம்தான் வாசல் வரைக்கும் போகவில்லை. இந்த உண்மை கசக்கும். கசந்தாலும் மருந்து இதுதான். எத்தனை குடும்பத்தில் இந்தச் செருப்புக் கதை ஓடுகிறது! ‘என் பையனை வாத்தியார் பெயிலாக்கிட்டார்.’ ‘என்னை முதலாளி வளர விடலை.’ ‘என் பேச்சை மருமகள் கேட்க விடமாட்டேங்கிறா.’ (சிரிப்பு) சில நேரம் அது நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தை நாம் நிரப்பினோமா?

எதிரணி நண்பர் எழுந்து, ‘இது பழைய கதை’ என்பார். புதுக் கதைக்கே வருகிறேன். 2026 உலகக் கோப்பைக்கு 48 நாடுகள் என்று கூட்டினார்கள். அப்போதும் நாம் உள்ளே போகவில்லை. 2024 ஜூன் 11. தோஹா நகரத்தில் கத்தாரோடு ஆட்டம். சாங்தே கோல் போட்டு நாம் 1-0 என்று முன்னால் இருக்கிறோம். எழுபது நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பந்து கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. அதை உள்ளே இழுத்து கத்தார் கோல் அடிக்கிறது. நடுவர் அதை ஒத்துக்கொள்கிறார். நான் நம்ம நடுவரைச் சொல்லலீங்க! (சிரிப்பு) அப்புறம் இன்னொரு கோல். 2-1. போச்சு. நாடு முழுக்கக் கொதித்தது. நானும் கொதித்தேன். நியாயமான கோபம்.

அந்தப் பையனிடம் கேட்டேன், ‘ஏன் தோத்தோம் கட்டத்தில் என்ன எழுதினாய்?’ என்று. அவன் காட்டினான். முதல் வரி: ‘பந்து வெளியே போனது. கோல் கொடுத்தது தப்பு.’ அதற்குக் கீழே இரண்டாவது வரி: ‘மார்ச் 26, கவுகாத்தி. நம்ம ஊரில் ஆப்கானிஸ்தானிடம் 2-1 தோல்வி. ஜூன் 6, கல்கத்தா. குவைத்தோடு 0-0. இந்த ரெண்டையும் ஜெயித்திருந்தால் கத்தாரில் அந்தப் பந்தை நம்பி நிற்க வேண்டியதில்லை.’

ஐயா, இதுதான் நான் சொன்ன அந்தக் கேள்வி! அடுத்தவன் செய்த அநியாயத்தையும் எழுதினான். தன் வீட்டுக் குறையையும் எழுதினான். முதல் வரி மட்டும் எழுதுகிறவன் புலம்புகிறவன். இரண்டாவது வரி மட்டும் எழுதுகிறவன் தன்னையே தாழ்த்திக்கொள்கிறவன். இரண்டையும் ஒரே பேனாவால் எழுதுகிறவன்தான் ரசிகன். (கைதட்டல்)

‘அப்படியானால் உங்கள் ரசிகனுக்கு அழுகை மட்டும்தானா?’ என்று கேட்கலாம். இல்லை. அந்த நோட்டில் ‘ஏன் ஜெயிச்சோம்?’ என்று தலைப்பு மாறுகிற பக்கங்களும் உண்டு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக். நெவில் டிசூசா மூன்று கோல் போட, ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று ஜெயித்தோம். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு நாம்தான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். நம்ம இனம்! உடம்பை நோய் தின்றுகொண்டிருக்கிறது. ஜர்னைல் சிங் தடுப்பாட்டக்காரர். அவர் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருக்கிறது. அவரை முன்வரிசைக்கு அனுப்பினார் ரஹீம். இறுதி ஆட்டம், அதே தென் கொரியா. அரங்கமே நமக்கு எதிராகக் கூச்சல் போடுகிறது. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1. தங்கம்! அடுத்த வருஷம் ஜூன் மாதம் ரஹீம் புற்றுநோயில் கண்ணை மூடினார்.

அந்த இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் யார் தெரியுமா? பீட்டர் தங்கராஜ்! பிறந்தது ஹைதராபாத். ஆளானது எங்கே? இங்கிருந்து மேட்டுப்பாளையம் போய் மலை ஏறினால் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன். அங்கே இருந்த மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில். 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை ஜெயித்த அணி அது. நாம் ஊட்டிக்குப் போகிறோம், வர்க்கி வாங்கிக்கொண்டு வருகிறோம். (சிரிப்பு) ஆசியாவே பார்த்து வியந்த ஒரு கோல்கீப்பர் அந்த மலையில் வளர்ந்தார் என்று எனக்குச் சொல்ல ஒரு செக்கிங் பையன் வேண்டியிருந்தது.

‘உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?’ என்று கேட்டேன். ‘ஒரு புஸ்தகம் வாங்கினேனுங்க. இங்கிலீஷ்ல இருந்துச்சு. காலேஜ் போற தங்கச்சி படிச்சு அர்த்தம் சொன்னா, நான் எழுதிக்கிட்டேனுங்க’ என்றான். அந்தப் புத்தகத்தை எழுதியவர் நோவி கபாடியா. தில்லியில் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்திய பேராசிரியர். இந்தியக் கால்பந்தைத் தேடித் தேடிப் பார்த்து, வர்ணனை செய்து, வாழ்நாள் முழுக்கக் குறித்து வைத்தவர். 2017-ல் அந்த வரலாற்றைப் புத்தகமாக்கினார். 2021 நவம்பரில் மறைந்தார். ஒரு பேராசிரியர் தில்லியில் எழுதினார். ராயபுரத்தில் ஒரு தங்கை படித்தாள். ஓர் அண்ணன் கேட்டான். உடன்பிறந்தவர்களை டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடத்தான் பார்த்திருக்கிறோம். ஒரே புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார வைத்தது எது? சொல்லுங்கள், இது பொழுதைக் கெடுக்கிறதா? (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். சங்க இலக்கியத்துக்குப் போகாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது. புறநானூற்றில் நக்கண்ணையார் என்ற ஒரு பெண்பாற் புலவர். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் ஒரு மல்லனோடு மற்போர் செய்கிறான். அவனுக்கு அது சொந்த ஊரும் இல்லை, சொந்த நாடும் இல்லை. பார்க்கிற கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கம் ஜெயித்தான் என்கிறது, மறுபக்கம் இல்லை என்கிறது. அந்தப் பெண் என்ன செய்தாள்? கூட்டம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்காரவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடினாள். வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்றாள். அவன் வெற்றியைத் தன் கண்ணால் பார்த்தாள். அதைத்தான் பாடினாள். அது காதல் என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. ரசனையும் ஒரு காதல்தானே! ஆனால் ஊர்ப்பேச்சை நம்பாமல் ஓடிப்போய்ப் பார்த்த காதல்.

இதையே நம் காலத்தில் இந்திய அணித்தலைவர் ஒருவர் மக்களிடம் கேட்டார். 2018 ஜூன் 1. மும்பையில் இந்தியாவுக்கும் சீன தைபேக்கும் ஆட்டம். 5-0 வெற்றி. சுனில் சேத்ரி மூன்று கோல். பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர்? 2,569! நம்ம ஊர்க் கல்யாணத்துக்கு இதைவிட அதிகம் வருவாங்க. (சிரிப்பு) மறுநாள் சேத்ரி மக்களிடம் வேண்டிக்கொண்டார்: எங்களைத் திட்டுவதானாலும் திட்டுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள் என்ற கருத்தில். ஜூன் 4, அவருடைய 100-வது ஆட்டம். கொட்டுகிற மழை. அரங்கம் நிறைந்துவிட்டது. கென்யாவை 3-0 என்று ஜெயித்தோம். அவர் இரண்டு கோல் போட்டார். ஆட்டக்காரன் நம்மிடம் கேட்பது பாராட்டு இல்லை. கண்ணைத்தான் கேட்கிறான்.

(நடுவர் மணி அடிக்கிறார்.)

முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. ஒரே ஒரு பக்கம் பாக்கி.

அந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்கப்போகும்போது கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. அதில் தேதி இல்லை, நாடு இல்லை, கோல் இல்லை. ‘நான் ஏன் ஒன்பதாவதோட நின்னேன்?’ என்று எழுதியிருந்தது. கீழே முதல் வரி: ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. வீட்டில் காசு இல்லை.’ இரண்டாவது வரி: ‘அதுக்கு முன்னாடியே கணக்குக்குப் பயந்து ரெண்டு மாசம் பள்ளிக்கூடம் போகலை. வீட்டில் சொல்லலை.’

(அரங்கில் அமைதி.)

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே சொன்னான். ‘எந்நேரமும் ஊரார் தப்பையே எழுதிட்டு இருந்தா எப்படிங்க சார்? நம்ம பீஸையும் ஒருக்கா செக்கிங் பண்ணோணுமல்ல?’

இப்போது அவன் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறான். பாஸாவானா? தெரியாது. கணக்கு இன்னும் பயமுறுத்துகிறதாம். ஞாயிற்றுக்கிழமை தங்கைதான் சொல்லிக் கொடுக்கிறாள். பெயிலானாலும் எனக்குக் கவலை இல்லை. ஏன் தோற்றோம் என்று எழுதத் தெரிந்தவன் அடுத்த பரீட்சைக்கும் போவான்.

கல்யாணமே இல்லாத வீட்டுக்கு முன்னால் இலை போடுவதா என்று கேட்டாரே நண்பர், அவருக்குச் சொல்கிறேன். அது இலை இல்லை ஐயா, ஏடு! அதில் அவன் சாப்பிட உட்காரவில்லை, எழுத உட்கார்ந்திருக்கிறான். (பலத்த கைதட்டல்)

தாய்மார்களே! அடுத்த முறை ராத்திரி பன்னிரண்டரைக்கு உங்கள் பிள்ளை அறையில் விளக்கு எரிந்தால் காபி போடாதீர்கள், உடம்புக்கு ஆகாது. (சிரிப்பு) திட்டவும் திட்டாதீர்கள். காலையில் அவன் முகம் கழுவிவிட்டு வரும்போது, பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நேத்து ஏன்டா தோத்தீங்க?’ ரெஃப்ரி சரியில்லை என்பான். விடாதீர்கள். ‘அப்புறம்?’ என்று கேளுங்கள். அந்த இரண்டாவது வரியை அவன் சொல்கிற வரைக்கும் காத்திருங்கள். சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளையை விளையாட்டு ரசனை வளர்த்துவிட்டது என்று அர்த்தம்.